கையெழுத்துப் பிரதி யாரிடம் இருக்க வேண்டும்?

பழைய கட்டுரைகளை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பல ஆண்டுகளாகவே இருந்து வந்தது. பத்திரிகைக்காரனுக்கு இது எளிதான காரியமல்ல. அன்றன்று எழுதியதை அன்றன்றே மறந்துவிடுவதுதான் எங்கள் தொழிலின் பழக்கம். நறுக்கி ஒட்டி வைத்திருந்த கோப்புகள், இரண்டு தடவை வீடு மாறியதில் பாதியாகிவிட்டன. கணினியில் இருந்தவற்றை ஓர் இலவச இணையத்தளத்தில் ஏற்றி வைத்திருந்தேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் தளமே இல்லை. மூடப்போகிறோம் என்ற அறிவித்தல், நான் பாவிப்பதை நிறுத்திவிட்ட ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு வந்து கிடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அத்தோடு இணையத்திலிருந்து மறைந்துபோயின.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2009 ஒக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. 2019 ஏப்ரலில் கூகிள் பிளஸ் மூடப்பட்டது. தமிழர்களும் பல காலம் கூடி விவாதித்த யாஹூ குழுமங்கள் 2020 இல் மறைந்தன. இடம் இலவசமாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்திருந்த நாம், அந்த இடம் யாருடையது என்று கேட்கவில்லை.

கடந்த ஆண்டு, கணினித் துறையில் பணிபுரியும் என் மருமகனிடம் இதைச் சொல்லி வருந்தினேன். "இந்தமுறை தளத்தை நம்பாதேங்கோ மாமா. எழுத்தை உங்கட கையில வைச்சிருங்கோ. தளம் அதை வந்து வாசிக்கட்டும்" என்றான். அவன் சொன்னது ஏ.டி. புரொட்டோகோல் என்ற நெறிமுறையைப் பற்றி.

இதன் வரலாறு சுருக்கமானது. 2019 டிசெம்பரில், அப்போது டுவிட்டரின் தலைவராக இருந்த ஜக் டோர்சி, சமூக ஊடகங்களுக்கென ஒரு திறந்த நெறிமுறையை ஆராயச் சிறு குழுவொன்றுக்கு நிதியளிக்கப் போவதாக அறிவித்தார். புளூஸ்கை என்ற அந்த முயற்சி 2021 இல் தனி நிறுவனமாயிற்று. 2024 பெப்ரவரியில் அதன் சேவை அழைப்பின்றி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பிறர் தமது சொந்தச் சேர்வரை அதனுடன் இணைக்கும் வழியும் அதே மாதத்தில் பிறந்தது.

அதன் அமைப்பை மருமகன் விளக்கியபோது எனக்குப் பத்திரிகைத் தொழிலே நினைவுக்கு வந்தது. எழுதுபவரின் பதிவுகள் யாவும் அவருக்கென உள்ள ஒரு களஞ்சியத்தில் இருக்கும். இது கையெழுத்துப் பிரதி. பல சேர்வர்களில் நிகழும் மாற்றங்களைத் திரட்டி ஒரே ஓடையாக அனுப்புவது இன்னொரு பகுதி. இது செய்தி முகவர் நிலையம். அந்த ஓடையிலிருந்து தேவையானவற்றை எடுத்து வாசகருக்கு ஒழுங்குபடுத்திக் காட்டுவது மூன்றாவது பகுதி. இதுவே பத்திரிகை. பத்திரிகை நின்றுபோனாலும் கையெழுத்துப் பிரதி எழுத்தாளரிடம் இருக்கும். களஞ்சியம் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். வேறு சேர்வருக்கும் கொண்டு செல்லலாம். மஸ்ரடோன் போன்றவற்றில் கணக்கை மாற்றும்போது பின்தொடர்வோர் உடன் வருவார்கள், பழைய பதிவுகள் வருவதில்லை. எனக்கோ பழைய பதிவுகள்தாம் முக்கியம்.

வேலை சில வார இறுதிகளில் முடிந்தது. எனது டொமைன் பெயரில் ஒரு சிறு வரியைச் சேர்த்ததும், அதுவே அங்கு என் பெயராகவும் ஆயிற்று. ஒவ்வொரு கட்டுரையும் தலைப்பு, திகதி, உடல் என்ற மூன்றே பகுதிகளைக் கொண்ட ஒரு பதிவு. அவற்றை எடுத்துக் காட்டும் பக்கத்துக்கு மருமகன் எழுதிய நிரல், அச்சிட்டால் இரண்டு தாள்களுக்குள் அடங்கிவிடும். விளம்பரம் இல்லை, வருகையாளர் எண்ணிக்கை இல்லை, படமும் இல்லை. அலைவரிசை குறைந்த ஊரில், பழைய கைத்தொலைபேசியிலும் திறக்க வேண்டும் என்பது மட்டுமே நான் விதித்த நிபந்தனை.

சிரமம் தந்தது தமிழ்தான். எனது பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றி, ஒப்புநோக்கித் திருத்தவே இரண்டு மாதங்கள் சென்றன. அடுத்தது சுட்டிகள். புளூஸ்கையில் ஒரு குறிப்பெழுதி அதில் ஒரு சொல்லுக்குச் சுட்டி கொடுப்பதானால், அது எந்த இடத்தில் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை எழுத்துகளால் அன்றி பைட்டுகளால் எண்ணிக் கூற வேண்டும். 'யாழ்ப்பாணம்' என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்துகள், யூனிகோட்டில் 11 குறியீடுகள், யூ.டி.எஃப்.-8 முறையில் 33 பைட்டுகள். எழுத்துகளை எண்ணிய முதல் நிரலில் சுட்டி வேறெங்கோ போய் நின்றது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெயருக்குப் பின்னால் ஒவ்வொருவருக்கும் மாறாத அடையாள இலக்கம் ஒன்று உண்டு. அந்த இலக்கங்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே பதிவேட்டை நம்பியிருக்கின்றன. பயனாளர்களில் மிகப் பெரும்பாலோரும் புளூஸ்கை நிறுவனத்தின் சேர்வர்களிலேயே தங்கியிருக்கிறார்கள். பரவலாக்கம் என்ற சொல் நடைமுறையை விடச் சற்று முன்னால் ஓடுகிறது என்பதே என் கணிப்பு.

இவ்வளவும் முடிந்து, கட்டுரைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தபோது 2006 இல் எழுதிய ஒன்று கைக்கு வந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் மூதூரில் மூண்ட சண்டையால் இடம்பெயர்ந்து கந்தளாயில் தங்கியிருந்தவர்களைப் பற்றிய கட்டுரை அது. மகனைக் காணாத ஒரு தாய் அதில் பேசியிருந்தார். அவருடைய பெயர், கிராமம், மகனைக் கடைசியாகக் கண்ட இடம், அப்போது யார் நின்றார்கள் என்று அவர் சொன்னது, எல்லாவற்றையும் அப்படியே எழுதியிருந்தேன். அன்று அதை நல்ல கட்டுரை என்று பலர் பாராட்டினார்கள்.

"இதை ஏற்றிவிட்டு, பிறகு வேண்டாமென்றால் அழிக்கலாம்தானே?" என்று மருமகனைக் கேட்டேன்.

"அழிக்கலாம் மாமா. அழிச்சாச்சு எண்ட செய்தியும் போகும். ஆனால் அதுக்குள்ள பிரதி எடுத்தவையிட்ட இருக்கிறதை நாங்கள் அழிக்கேலாது" என்றான்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறு பிரதியே இல்லாத ஓலைச் சுவடிகளும் அழிந்தன. அதனால்தான் எம்மவர்கள் பிரதியெடுப்பதை ஒரு கடமையாகவே கருதுகிறார்கள். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இன்றும் அப்பணியைச் செய்கிறது. நானும் அந்த நம்பிக்கையில்தான் இந்த வேலையில் இறங்கினேன். பல இடங்களில் இருந்தால் எவராலும் அழிக்க முடியாது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எவராலும் என்பதில் நானும் அடக்கம் என்பது அந்தத் தாயின் பெயரைக் கண்டபோதுதான் உறைத்தது.

அவர் அன்று பேசியது ஒரு பத்திரிகையோடு. அது ஒரு நாள் விற்று, மறுநாள் கடையில் சாமான் சுற்றும் தாளாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டிவைத்த பழைய இதழ்களைச் சுவடிகள் திணைக்களத்துக்குப் போய்ப் புரட்டிப் பார்ப்பது வேறு. உலகில் எவரும் ஒரு பெயரைத் தட்டி அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்வது வேறு. இரண்டாவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அவரைத் தேடிக் கேட்கவும் முயன்றேன். அறிந்தவர் எவரும் அகப்படவில்லை. பெயரை நீக்கிவிடலாமா என்றும் யோசித்தேன். கிராமமும் சம்பவமும் இருந்தால் பெயர் தேவையில்லை. அவற்றையும் நீக்கினால் கட்டுரையே இல்லை.

எனவே அதை ஏற்றவில்லை. அதே அளவுகோலை வைத்து மீண்டும் எல்லாவற்றையும் படித்தபோது மேலும் பதினொரு கட்டுரைகள் வெளியே நின்றுவிட்டன. அவற்றை அச்சிட்டு ஓர் உறையிலிட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

பழைய எழுத்துகளை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். அவற்றை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கருவிகள் வந்துவிட்டன, உதவ இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். முன்பு அந்த வேலையைச் செய்ய ஆசிரியபீடத்தில் ஒருவர் இருந்தார். இப்போது நாம்தான் இருக்கிறோம்.