வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பம் வரை வந்து கிழக்கே திரும்பினால், கொஞ்ச தூரத்தில் வீராம்பட்டினம். ஆடி மாதத்தில் போனால் செங்கழுநீர் அம்மன் தேர் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பாராம். அந்த மரியாதை இப்போது துணைநிலை ஆளுநருக்கு. கூட்டம் என்றால் எனக்குத் தலைவலி. ஆகவே நானும் என் நாத்தனாரும் போனது மாசி மாதத்து ஒரு சாதாரணக் காலையில்.

நாத்தனார் கையில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் கைபேசி. "தண்ணீரில் விழுந்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாதாம், அண்ணி!" என்று பெருமையாகச் சொன்னாள். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தினார்.

"எந்தத் தண்ணீர் அம்மா? குழாய்த் தண்ணீரா, கடல் தண்ணீரா?"

அவ்வளவுதான் கேட்டார்! ஆனால் சரியான கேள்வி. 'ஐ.பி. 68' என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்களே, அந்தப் பரிசோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எல்லாம் அதில் சேராது. தண்ணீர் புகுந்து கெட்டால், பெரும்பாலான கம்பெனிகளின் உத்தரவாதமும் கைகொடுக்காது. பெரியவரிடம் இருந்தது பொத்தான் வைத்த சின்னக் கைபேசி. பாலிதீன் பையில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டிருந்தார். ஈரக் கைக்கு அந்தப் பொத்தான்தான் இசையும். தவிர, கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் லட்ச ரூபாய்க் கைபேசிக்கும் சரி, இதற்கும் சரி, கோபுரத்தின் சமிக்ஞை எட்டாது.

அதற்காக விலை உயர்ந்த கருவியே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆழ்கடலுக்குப் போகிற படகில் இடம் காட்டும் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் இரண்டும் உயிருக்குச் சமானம். அங்கே மலிவைத் தேடுவது மடமை. கைபேசியில் அதிகப்படிப் பணம் எங்கே போகிறது? பெரும்பாலும் காமிராவுக்கும், பளபளப்புக்கும், பெயருக்கும். எத்தனை வருஷம் கம்பெனி கவனித்துக்கொள்ளும், உடைந்தால் கண்ணாடி மாற்ற என்ன ஆகும் என்று கடையில் யாராவது கேட்கிறோமா? புடவையில் முந்தானையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவோமா!

இந்த ஊருக்கு இன்னொரு கதை உண்டு. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. பல மையங்களை நடத்தியவர்கள் பெண்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்று கரையில் நின்றபடியே கேட்டுக்கொள்ளலாம். கணிப்பு தயாரித்தது எங்கோ கோடிக்கணக்கில் செலவழித்த நிலையம். கரைக்குக் கொண்டுவந்தது கல்யாண வீட்டில் கட்டுகிற அதே குழாய்.

தெற்கே சிறிது தூரத்தில் நல்லவாடு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் தகவல் மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் கூவினார்கள். படகுகளும் வீடுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் பிழைத்தார்கள். எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

திரும்புகிற வழியில் அரிக்கமேடு. இப்போது தென்னையும் மாமரமும் செங்கல் இடிபாடும்தான். 1945-இல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது, இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த ஒயின் ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பும் சீமைச் சரக்கு மோகம் இருந்திருக்கிறது பாருங்கள்! அவற்றோடு, உட்புறம் வட்டவட்டமாகக் கோலம் பதித்த மெல்லிய தட்டுகளும் அகப்பட்டன. இவ்வளவு நேர்த்தியான பண்டம் மேல்நாட்டில்தான் செய்திருக்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். பிற்பாடு மண்ணைச் சோதித்துப் பார்த்தால், தட்டுகள் இந்தியக் களிமண்ணில் வனைந்தவை!