அடக்கம் என்று பெயர் பெற்றது

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் என்னைக் கண்டவர் சிலரே இருப்பர். எல்லோரும் மண்டபத்தில் இருக்கும்போது நான் சமையற்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பேன். "எவ்வளவு பொறுப்பான பெண்!" என்று மூத்த பெண்மணிகள் பாராட்டியதுண்டு. உண்மை அதுவன்று. ஒலிபெருக்கியின் முழக்கமும், ஒரே வேளையில் பத்துப் பேர் பேசும் பேச்சும் என் தலைக்குள் ஆணி அறைவன போல் இருக்கும். குழாய்நீர் விழும் ஓசை ஒன்றே எனக்கு அடைக்கலம். இதனை இன்று வெளிப்படையாக எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு, ஐந்து வயது நிரம்பிய என் மகனை மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். என் தாயாரும் உடன் வந்தார். மருத்துவ அம்மையார் ஒவ்வொன்றாக வினவினார். பொம்மைகளை வைத்து விளையாடாமல் வரிசையாக அடுக்குகின்றானா? ஓசை கேட்டால் காதைப் பொத்துகின்றானா? வழக்கமான வழியை விட்டு வேறு வழியே சென்றால் அழுகின்றானா? எல்லாவற்றிற்கும் நான் தலையசைத்தேன். அம்மாவோ சிரித்துக்கொண்டே, "இதில் என்ன இருக்கிறது, டாக்டர்? இவளும் சிறு வயதில் இப்படியேதான் இருந்தாள்" என்று தமக்குத் தெரிந்த இந்தியில் கூறினார். மருத்துவர் எழுதுவதை நிறுத்தி என்னை நோக்கினார். நானோ வழக்கம்போல் அவர் கண்களைப் பாராமல், மேசைமேல் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகனுக்கு ஆட்டிசம் என்று சில வாரங்களில் முடிவாயிற்று. அதுபற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். அவனுக்காகப் படிக்கத் தொடங்கியவள், பாதியிலே என்னைப் பற்றிப் படிக்கலானேன்.

1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் இந்நிலையை விளக்கி எழுதியபோது, அவர் குறித்த குழந்தைகள் 11 பேர். அவர்களுள் பெண்கள் மூவரே. மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரித்தெழுதிய நால்வரும் ஆண் பிள்ளைகள். அதன்பின் நெடுங்காலம், இஃது ஆண் பிள்ளைகளுக்கே பெரிதும் உரியது என்று கருதப்பட்டது. பெண்களிடம் கண்டறியப்படாமற் போவதற்கு ஒரு காரணம், அவர்கள் அதனை மறைக்கக் கற்றுக்கொள்வதே என்று இக்கால ஆய்வாளர் கூறுகின்றனர். பிறர் சிரிக்கும்போது தாமும் சிரிப்பர். பேசவேண்டிய சொற்களை முன்னரே உருப்போட்டு வைப்பர்.

அவ்வரிகளைப் படித்தபோது என் கை நடுங்கியது. அலுவலகத்தில் "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டால் என்ன விடை கூறுவது, பிறகு நான் என்ன கேட்பது என்று பேருந்தில் வரும்போதே நான் ஒத்திகை பார்ப்பவள். விடுப்புக் கணக்குப் பதிவேட்டின் முன் மட்டும் எனக்கு ஒத்திகை வேண்டியதில்லை. பலருக்கு எத்தனை நாள் மீதம் என்பதை ஏட்டைத் திறவாமலே சொல்வேன். மாலையில் வீடு திரும்பியதும் விளக்கை அணைத்துவிட்டு, அரைமணி நேரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். புகுந்த வீட்டார் இதனைத் திமிர் என்றனர்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதனை ஒருவரும் காணாதது எங்ஙனம்? பள்ளியில் நான் பேசாதிருந்தபோது, "மதராசிப் பெண், இந்தி வராது" என்று ஆசிரியை விட்டுவிட்டார். எனக்கு இந்தி நன்றாகவே வரும். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால், "வடக்கே வளர்ந்தவள், நம் பழக்கம் தெரியாது" என்றார் அத்தை. வீட்டிலோ "அடக்கமான பெண்" என்றனர். அடக்கமுடைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் கருதியது தன்னைத்தான் ஆளும் ஆற்றல். என்னிடம் இருந்ததோ அச்சமும் களைப்புமே. மூன்று பெயர்களும் அன்போடு இடப்பட்டவைதாம். ஆயினும் மூன்றும் சேர்ந்து என்னை மூடிவிட்டன. என் தம்பி இவ்வாறு வாய் திறவாதிருந்தால் ஒரு மாதத்தில் மருத்துவரிடம் அழைத்துப் போயிருப்பார்கள்.

கூச்சமுள்ள பெண்கள் யாவரும் இந்நிலையினர் என்று நான் கூறவில்லை. கூச்சம் பெரும்பாலும் பழகப் பழகக் குறையும். எனக்கோ, பத்தாண்டுகளாக எதிர் மேசையில் அமர்ந்திருப்பவரிடமும் குறையவில்லை. எனினும் எனக்கு இருப்பது ஐயமே. முடிவு கூறவேண்டியவர் மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ ஆவர். அவர்கள் பிள்ளைப்பருவச் செய்திகளையும் கேட்டறிவர். அவற்றைச் சொல்லக்கூடியவர் அம்மா ஒருவரே. அவரோ, "இந்த வயதில் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? நாலு பேர் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள்?" என்றார்.

அவருக்கு நான் கூறிய விடை இதுதான்: "அம்மா, இது நோயன்று, மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இதனைப் பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது. குழந்தை காதைப் பொத்தியபோதெல்லாம் 'கையை எடு' என்று நான் அவனை அதட்டியிருக்கிறேன். நீங்களும் என்னை அப்படித்தான் அதட்டினீர்கள். பெயர் தெரிந்த நாள்முதல் நான் அவனை அதட்டவில்லை. ஓசையில்லாத இடத்திற்கு அழைத்துச் செல்கிறேன். எனக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று கேட்க, அந்தப் பெயர் எனக்கு உதவும்."

அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எந்தக் கிழமை போகவேண்டும்?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் செல்லவிருக்கின்றோம். முடிவு எதுவாயினும் ஆகுக. உங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை மூலையில் வாய் மூடி நின்றால், அடக்கம் என்று மகிழ்வதற்கு முன், "ஓசை உன்னை வருத்துகின்றதா?" என்று ஒருமுறை கேளுங்கள். வரும் பொங்கலன்று என்னைச் சமையற்கட்டில் கண்டால் பாராட்ட வேண்டா. ஒலிபெருக்கியைச் சற்றுக் குறைக்கச் சொன்னால் போதும்.