கோட்டைக்குள் ஒரு மாதா கோயில்

திருமழிசையிலிருந்து சென்னைக் கோட்டை அப்படியொன்றும் தூரமில்லை. 25 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் இருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க மூன்று தலைமுறை பிடித்தது. எங்கள் பாட்டனார் கதர் கட்டியவர். "வெள்ளைக்காரன் கொத்தளத்துக்குள் கால் வைக்க மாட்டேன்" என்று இளவயதில் சொன்னவர், 1947-ல் அங்கே மூவர்ணக் கொடி ஏறிய பிறகும் அந்தச் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. கோட்டையில் ஏதாவது காரியம் என்றால் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, வேறு யாரையாவது உள்ளே அனுப்புவாராம். வெறும் பிடிவாதம் என்று பாட்டி சொல்லுவாள். நாங்கள் அப்படிச் சொல்லத் துணிந்ததில்லை.

இந்த விரதத்தைக் கலைத்தவள் எங்கள் பெண். அவள் வயலின் கற்றுக்கொள்கிறாள். "இந்த வாத்தியம் நம் ஊருக்கு எப்படி வந்தது?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். அதற்கு விடை தேடிப் போனால் வழி கோட்டைப் பக்கம்தான் போகிறது. ஆகவே, தை மாதத்தில் ஆழ்வாரின் மக நட்சத்திர உற்சவம் முடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜகந்நாதப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் புறப்பட்டோம். திருச்சந்த விருத்தத்தின் 120 பாசுரங்களையும் கோஷ்டியார் சேவித்த ஓசை காதில் இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. பாசுரத்தின் பொருள் தெரியாத குழந்தைகூட அந்தச் சந்தத்துக்குத் தலையசைக்கும்.

பூந்தமல்லி, மதுரவாயல், அமைந்தகரை என்று பஸ் ஊர்ந்தது. கோட்டை வாசலில் சோதனை முடிந்து உள்ளே போனால், தலைமைச் செயலகத்தின் பரபரப்புக்குச் சற்றுத் தள்ளி, மரநிழலில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது புனித மேரி தேவாலயம்.

வெளியிலிருந்து பார்த்தால் கோயிலாகத்தான் தெரியும். உள்ளே போனால் அது பாதி கோயில், பாதி வெடிமருந்துக் கிடங்கு! வெளிச் சுவர் நாலடிக் கனம். மேலே வளைந்து கவிந்திருக்கும் கூரை இரண்டடிக் கனம். அதில் மரம் என்பதே கிடையாது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டுமென்று கட்டியது. பீரங்கிப் படையில் இருந்த வில்லியம் டிக்ஸன் என்பவர் கட்டியதாகச் சொல்லுவார்கள்; பார்த்தால் நம்பலாம் என்றே தோன்றுகிறது. கவர்னர் ஸ்ட்ரேன்ஷம் மாஸ்டர் காலத்தில், கம்பெனி உத்தியோகஸ்தர்கள் சந்தா போட்டுப் பணம் சேர்த்து, 1678-ம் வருஷம் வேலையைத் தொடங்கினார்கள். 1680 அக்டோபர் 28-ந் தேதி பிரதிஷ்டை நடந்தது. கடவுளை வணங்க வந்த இடத்திலும் அவர்களுக்கு எதிரியின் நினைவு போகவில்லை. பிறர் மண்ணில் குடியேறியவர்களின் பக்தி அப்படித்தான் இருக்கும் போலும்.

பிரதிஷ்டையான சில நாட்களுக்குள்ளே இங்கே நடந்த முதல் கல்யாணம் எலிஹு யேல் என்பவருடையது. மணப்பெண் காதரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்பவரின் விதவை. யேல் பிற்பாடு கவர்னரானார்; பெரும் பணம் திரட்டினார். அவர் அனுப்பிய நன்கொடையால்தான் அமெரிக்காவில் ஒரு கல்லூரி 1718-ல் அவர் பெயரைச் சூடிக்கொண்டது. இன்று உலகமே அறிந்த யேல் சர்வகலாசாலை அதுதான். அவர் ஆண்ட காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்து நம் ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்பதை உலகம் அவ்வளவாக அறியாது. 1753-ல் ராபர்ட் கிளைவ் மணம் செய்துகொண்டதும் இதே கோயிலில்தான். பலிபீடத்துக்கு எதிரே நின்றபோது பாட்டனாரின் முகம் எங்கள் மனக்கண்முன் வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று.

ஆனால் அந்தப் பலிபீடத்துக்கு மேலேதான் சித்திரம் இருக்கிறது. ஏசுநாதர் சீடர்களுடன் உண்ட கடைசி விருந்தைக் காட்டும் பெரிய படம். இத்தாலியச் சித்திரக்காரர் ராபேலின் சிஷ்ய பரம்பரையில் யாரோ எழுதியது என்பார்கள். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்தது என்றும் சொல்லுவார்கள். கிறிஸ்தவர் கோயிலிலிருந்து கிறிஸ்தவர் கோயிலுக்கே கொள்ளைப் பொருள்! காட்டிக்கொடுக்கப் போகும் சீடனோடு அமர்ந்து அப்பம் பிட்டுக் கொடுக்கும் படம் யுத்தச் சூறையாக வந்து தொங்குவதைச் சிந்தித்தால் சிரிப்பதா, பெருமூச்சு விடுவதா என்று தெரியவில்லை.

சுவரெங்கும் சலவைக்கல் சிற்பங்கள். தஞ்சையில் வாழ்ந்து 1798-ல் மறைந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் மரணப் படுக்கையைச் செதுக்கியவர் பேக்கன் என்ற ஆங்கிலச் சிற்பி. சரபோஜி மன்னர் தம் ஆசானுக்காகத் தஞ்சையில் வைத்த சிற்பம் வேறு. எங்கள் ரசனைக்கு அதுவே ஒரு படி மேல். தரையில் தாமஸ் மன்றோவின் சமாதி. குடியானவனிடமே நேராக வரி தண்டும் ரயத்துவாரி முறையைப் பரப்பியவர்; ராயலசீமையில் குழந்தைகளுக்கு அவர் பெயரை வைத்தார்களாம். தம் கவுன்சிலாராலேயே சிறைப்பட்டு 1777-ல் காவலில் இறந்த கவர்னர் பிகாட்டுக்கு இருப்பது, 'நினைவாக' என்று மட்டும் லத்தீனில் பொறித்த கல். பெயர்கூட இல்லை.

நல்லவேளையாக, வழிபாடு முடிந்த பிறகும் ஆர்கன் வாசிப்பவர் எழுந்து போகவில்லை. துருத்திக் காற்றைப் பல அளவுக் குழல்களில் செலுத்தி, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழல் பாட வைக்கும் வாத்தியம் இது. நம் ஹார்மோனியத்துக்கு மூத்த உறவு என்று சொல்லலாம். ஆனால் ஹார்மோனியத்தில் உலோக நாக்குகள் அதிரும், இங்கே பெரும்பாலும் புல்லாங்குழல் மாதிரி காற்றே பேசும். கீழ் ஸ்தாயிச் சுரம் ஒன்று எழும்பியபோது அது காதில் கேட்கவில்லை, உள்ளங்காலில் ஏறிற்று. குண்டுக்காகக் கட்டிய கூரை நாதத்தை வெளியே விடாமல் தாங்கிக்கொண்டு நின்றது.

பெண்ணுக்கு அங்கேதான் கதையைச் சொன்னோம். சென்னைக்கு வடக்கே மணலியில், கம்பெனி துபாஷாக இருந்த முதலியாரின் ஆதரவில் ராமஸ்வாமி தீட்சிதர் குடும்பம் வாழ்ந்தது. மூத்த பிள்ளை முத்துஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுக்களில் ஸம்ஸ்கிருத சாகித்தியங்கள் செய்தார். சுமார் 40 உருப்படிகள். 'நோட்டு ஸ்வரம்' என்பது அவைதான். அரசனை வாழ்த்தும் ஆங்கிலேயரின் கீதமே அவர் கையில் 'ஸந்ததம் பாஹிமாம்' என்று அம்பிகையின் துதியாக மாறிவிட்டது. இளைய சகோதரர் பாலுஸ்வாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, அதை நம் கச்சேரிக்குப் பழக்கினார். கோட்டைக்காரர்கள் இங்கிருந்து எத்தனையோ கொண்டுபோனார்கள். இந்த ஒரு வாத்தியத்தை மட்டும் நம்மவர் அவர்களிடமிருந்து வாங்கி, தோளில் வைத்ததை மார்பில் சாய்த்து, தரையில் உட்கார்ந்து, நம்முடையதாகவே செய்துகொண்டார்கள்!

வெளியே முற்றம் முழுவதும் கல்லறைக் கற்கள் பாவியிருக்கின்றன. ஒன்றில் 1652 என்ற வருஷம். இவை இங்கே பிறந்த கற்கள் அல்ல. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர் அந்தச் சமாதிகளின் மறைவிலிருந்து சுட்டார்கள். முற்றுகை விலகியதும் கம்பெனியார் சமாதிகளை இடித்து, கற்களை மாத்திரம் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். 1782-ல் ஹைதர் அலியின் அச்சத்தில் அவற்றின்மேல் பீரங்கிகளையும் ஏற்றினார்கள். இடியாமல் விட்டவற்றுள் ஒன்றில் யேலின் குழந்தையும், காதரினின் முதல் கணவரும் சேர்ந்து உறங்குகிறார்கள். "மிதிக்கலாமா?" என்று பெண் கேட்டாள். மிதிக்காமல் நடக்க வழியில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து அருங்காட்சியகத்தில், 1947 ஆகஸ்டு 15 விடியற்காலையில் கோட்டையில் ஏற்றிய கொடியைப் பாதுகாத்து வருகிறார்கள். நிறம் மங்கிய பட்டு. அதன் எதிரே நாங்கள் அதிகம் பேசவில்லை.

வாசலுக்கு வெளியே வந்ததும் பெண் நின்றாள். "கொள்ளுத் தாத்தா எந்த இடத்தில் நிற்பார்?" என்றாள். இங்கேதான் எங்கேயாவது இருக்கும் என்று சாலையோரத்தைக் காட்டினோம். பூந்தமல்லி பஸ் வருகிற வரையில் அங்கேயே நின்றோம்.