துப்பிப் பார்த்து விலை சொல்லும் டீ

மாட்டுப்பட்டியின் பெயரில் மாடும் இருக்கிறது, பட்டியும் இருக்கிறது. 1963இல் தொடங்கிய இந்திய - சுவிஸ் கால்நடைத் திட்டம் அந்தப் பெயரைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் மூணாரிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் சாலையில் வருபவர்களின் கண்ணில் படுவதெல்லாம் தேயிலைதான். 1953இல் கட்டி முடித்த அணையில் படகு விடுகிறார்கள். படகிலிருந்து இறங்கியவர்கள் நேராக டீக்கடைக்கு வருகிறார்கள். கண்ணாடி கிளாசில் பாலும் சர்க்கரையும் சேர்ந்த சூடான டீ. ‘ஊரில் இப்படிக் கிடைப்பதில்லை’ என்று பாராட்டாதவர்கள் குறைவு. சுமார் 1,700 மீட்டர் உயரத்துக் குளிரில் எந்த டீயும் நன்றாகத்தான் இருக்கும்.

இந்தச் சலுகை டீ டேஸ்டருக்குக் கிடையாது. கடைக்காரர் போடும் தூளை, அவருக்கு வெகு காலம் முன்பே ஒருவர் வாயில் வைத்துப் பார்த்திருப்பார். பார்த்ததும் துப்பியிருப்பார். அதுதான் அவர் வேலை.

தொழிற்சாலையிலும் ஏலத் தரகர் அலுவலகத்திலும் நடப்பது ஒரே சடங்கு. நீண்ட மேஜையில் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். 1980இல் வெளியான சர்வதேசத் தர விதிப்படி 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், அப்போதுதான் கொதித்த நீர், மூடிவைத்து 6 நிமிடம். பிறகு சாற்றை வடித்து, வெந்த இலையை மூடியின் மேல் கவிழ்த்து வைக்கிறார்கள். டேஸ்டர் முதலில் உலர்ந்த தூளைப் பார்க்கிறார், அடுத்து வெந்த இலையை, கடைசியில் சாற்றை. ஒரு கரண்டி எடுத்து ‘சர்ர்’ என்று சத்தத்தோடு உறிஞ்சுகிறார். விருந்தில் செய்தால் முகம் சுளிப்பார்கள். ஆனால் காற்றோடு உறிஞ்சினால்தான் சாறு நாக்கு முழுக்கப் பரவி மணம் மூக்குக்கு ஏறும். சில விநாடிகள்தான், உடனே துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்கிறார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகள்.

அவர் தேடுவது குறைகளை. அடுப்பு சரியில்லாத தொழிற்சாலையின் டீயில் புகை வாடை வரும். உலர்த்தும்போது சூடு கூடினால் தீய்ந்த வாடை. நசுக்கிய இலையைக் காற்றில் போதிய நேரம் விடாவிட்டால் பச்சை வாடை, அதிக நேரம் விட்டால் உயிரில்லாத சப்பைச் சுவை. நல்ல டீ நாக்கைச் சுறுக்கென்று பிடித்து விட்டுவிட வேண்டும்.

இதெல்லாம் விலை உயர்ந்த தேயிலைக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. தென்னிந்தியா குடிப்பது ‘டஸ்ட்’. தூசு என்ற அர்த்தம் அதன் கௌரவத்தைக் கெடுத்துவிட்டது. தொழிற்சாலையைப் பெருக்கி அள்ளியதை விற்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் டஸ்ட் என்பது அளவைக் குறிக்கும் சொல். சல்லடைகளில் சலிக்கும்போது கடைசியாக விழும் மிகச் சிறிய துகள். நல்ல கொழுந்திலிருந்து வந்த டஸ்ட், முற்றிய இலையிலிருந்து வந்த பெரிய இலைத் தேயிலையைத் தோற்கடிக்கும். துகள் சிறியது என்பதால் சாறு சீக்கிரம் இறங்குகிறது, பாலைத் தாங்குகிறது, ஒரு கிலோவுக்குக் கூடுதல் கோப்பைகள் கிடைக்கின்றன. 1930இல் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் வடிவமைத்த சி.டி.சி. இயந்திரம் இதற்கு வழி செய்தது. பல் வைத்த உருளைகள் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகின்றன.

டஸ்ட்டை மதிப்பிடும் டேஸ்டர் பால் விட்டும் பார்ப்பார். பால் விழுந்ததும் பளிச்சென்று பொன்னிறம் வந்தால் ‘பாஸ்’. சேற்று நிறமோ சாம்பல் நிறமோ தட்டினால் விலை இறங்கும். அவர் போடும் மார்க் ரூபாயில்தான். ஏலப் பட்டியலில் ஒவ்வொரு லாட்டுக்கும் அவர் குறிக்கும் உத்தேச விலையிலிருந்துதான் வியாபாரிகளின் பேரம் தொடங்குகிறது.

இந்த மலைகளில் தேயிலை வந்தது 1880இல். அன்று அதற்கு மார்க் போட்டது லண்டன். 1908இல் போட்ட குறுகிய ரயில் பாதை மூணாரிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போனது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தமிழகப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயின. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1947இல் கொச்சியில் ஏலம் தொடங்கியது. 1998இல் லண்டன் ஏலமே நின்றுவிட்டது. சீமைக்குப் போன தேயிலையை நம் டீக்கடைகளும் வீடுகளும் குடிக்கத் தொடங்கிய பிறகு, மார்க் போடும் நாக்கும் இங்கேயே வந்துவிட்டது.

ஆனால் நாக்கு தீர்ப்பு மட்டுமே சொல்லும். ருசியைத் தீர்மானிப்பது செடிக்கு முன்னால் நிற்கும் பெண்ணின் விரல். ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ என்பது பள்ளிப் பாடம். விரலால் கிள்ளினால் அது சாத்தியம். கத்தரி வைத்து வெட்டினால் எடை ஏறும். கூடவே முற்றிய இலையும் காம்பும் கூடைக்கு வரும். கோப்பையில் அது சப்பைச் சுவையாகத் தெரியும். மழைக்காலத்தில் கொழுந்து வேகமாக வளர்வதால் மணம் தானாகவே குறைகிறது. அப்போது எடைக்கு ஓடினால் தரம் இன்னும் இறங்கும்.

எடைக்கும் தரத்துக்கும் இடையில் மாட்டிக்கொள்வது கூலி. மூணார் எஸ்டேட் லயங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், பல தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் வாரிசுகள். 2005 முதல் இங்குள்ள பெரும்பாலான எஸ்டேட்டுகளை நடத்தும் கண்ணன் தேவன் நிறுவனத்தில் அவர்கள் பங்குதாரர்களும்கூட. 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் மூணார் சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் ஒன்பது நாளில் 20 சதவீதத்தைப் பெற்றுத் தந்தது. அடுத்த மாதம் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. பறிக்க வேண்டிய குறைந்தபட்ச எடையும் 21 கிலோவிலிருந்து 25 ஆனது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். 25 கிலோ கொழுந்து என்றால் ஐந்தரைக் கிலோ தூள். கோப்பைக்கு இரண்டரை கிராம் என்றால் 2,200 கோப்பை டீ. அவ்வளவு டீக்கான கொழுந்துக்கு அன்றைய கூலி 301 ரூபாய். இதில் எடையைக் கூட்டச் சொன்னால் முதலில் போவது ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’. அது போனால் டேஸ்டரின் மார்க் குறையும், ஏல விலை குறையும், அடுத்த போனஸ் பேச்சுவார்த்தையில் ‘விலை இல்லை’ என்ற பதில் வரும்.

பாக்கெட் வாங்குபவரும் மார்க் போடலாம். பெரும்பாலான பாக்கெட்டுகளில் இருப்பது பல எஸ்டேட்டுகளின் கலவை. ஆகவே மேலட்டையில் உள்ள மலைப் படம் எதற்கும் உத்தரவாதமில்லை. இரண்டு பிராண்டுகளை ஒரே அளவு தூள், ஒரே தண்ணீர், ஒரே நேரம் வைத்துப் போட்டு, சர்க்கரை இல்லாமல் முதலில் வெறுமனே, பிறகு பால் விட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரையும் ஏலக்காயும் குறைகளை மூடிவிடும். ஈரமான வெள்ளை வடிதாளில் ஒரு சிட்டிகை தூவும்போது சாயம் உடனே ஓடினால் நிறம் சேர்த்திருக்கிறார்கள். ஒரு காந்தத்தையும் தூளில் விட்டுப் பார்க்கலாம். உருளைகள் தேய்ந்து இரும்புத்தூள் சேர்வது சகஜம் என்பதால், கிலோவுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று 2017இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்தது.

எல்லாவற்றிலும் தேறிய தூள் அநேகமாக நடுத்தர விலையில்தான் இருக்கும். பத்து ரூபாய் அதிகம் கொடுப்பதா என்று யோசிக்கும்போது, நாக்கில் சுறுக்கென்று பிடித்தது மாட்டுப்பட்டிச் சரிவில் யாரோ ஒரு பெண் முற்றிய இலையை விட்டுவிட்டுக் கொழுந்தை மட்டும் கிள்ளியதால்தான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.