கல்லிடுக்கில் மக்காச்சோளம்

வியட்நாமின் வடகோடியில், சீன எல்லையை ஒட்டிய மலைகளுக்குள் ஏறிப்போகும் ஒரு சாலைக்கு ‘மகிழ்ச்சிச் சாலை’ என்று பெயர். ஹா ஜாங் நகரில் தொடங்கி மேவோ வாக்கில் முடிகிறது. ஏறத்தாழ 185 கிலோமீட்டர். பெயரைக் கேட்டு, சுற்றுலாக்காரர்களை இழுக்க யாரோ சூட்டியது என்று எண்ணிவிட வேண்டாம். 1959 செப்டம்பரில் தொடங்கிய வேலை 1965 மார்ச்சில்தான் முடிந்தது. பல இனங்களைச் சேர்ந்த இளைஞர்களும் தொழிலாளர்களும் கடப்பாரையும் சம்மட்டியுமாக உடைத்த சாலை இது. அதற்கு முன்பு மேலே உப்பு போனது குதிரை முதுகில். குதிரை இல்லாதவர்களுக்கு அவர்கள் முதுகில்.

2025 ஜூலையில் ஹா ஜாங் மாகாணத்தைப் பக்கத்து துயென் குவாங்கோடு இணைத்துவிட்டார்கள். பைக்கில் வரும் வெளிநாட்டு இளைஞர்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவர்களுக்கு இது இன்னும் ‘ஹா ஜாங் லூப்’தான்.

குவான் பா கணவாய் தாண்டியதும் பெரிய சாலையிலிருந்து விலகினால் லுங் தாம் வரும். ஹ்மோங் இனப் பெண்கள் கஞ்சா இனச் சணல்செடியின் நாரைத் துணியாக்கும் ஊர். பட்டையை உரித்து, உரலில் இடித்து, இழையோடு இழை சேர்த்து முறுக்குகிறார்கள். நடக்கும்போதும் பேசும்போதும் விரல்கள் அதையே செய்துகொண்டிருக்கும். சாம்பல் நீரில் வேகவைத்து வெளுத்த நூலை நெய்து, துணியை ஒரு மர உருளைமேல் விரித்து, அதன்மேல் வைத்த கல்பலகையில் ஏறி நின்று இரு கால்களாலும் ஆட்டிப் பளபளப்பேற்றுகிறார்கள். அப்புறம் மெழுகுக் கோலம், அவுரிச் சாயம். சாகும்போது உடலில் சணல்நார்த் துணி இல்லாவிட்டால் முன்னோர் அடையாளம் காண மாட்டார்கள் என்பது நம்பிக்கை. சந்தையில் சீனத்துப் பாலியெஸ்டர் பாவாடை மலிவாகக் கிடைத்தும் தறி நிற்காததற்கு அது ஒரு காரணம்.

யென் மின்னில் பைன் காடு. குளிர்காற்று வாங்கிக்கொண்டு கடந்துவிடலாம். அதன்பின் மண் தீர்ந்துபோகிறது. இனி டோங் வான் சுண்ணக்கல் பீடபூமி. 2010-இல் யுனெஸ்கோ வலையமைப்பில் சேர்ந்த, வியட்நாமின் முதல் புவிப்பூங்கா. புவியியலாளர்களுக்கு அது பொக்கிஷம். ஹ்மோங் குடும்பத்துக்கு அது வயல். பாறைக் குழிகளுக்குக் கூடையில் மண் சுமந்துபோய்க் கொட்டி, மழை அடித்துப் போகாமல் சிறு கல் அடுக்கி, ஒரு பிடி எருவோடு மக்காச்சோள விதை போடுகிறார்கள். மழைநீர் சுண்ணக்கல்லில் நில்லாமல் இறங்கிவிடும். அதனால் வறண்ட மாதங்களில் தண்ணீரும் முதுகில்தான் வரும்.

சுங் லா பள்ளத்தாக்கில் சாலையோரம் ‘ஹோம்ஸ்டே’ பலகைகள் வரிசை கட்டுகின்றன. பல இடங்களில் அது வெறும் விடுதி. டைல்ஸ் தரை, வெந்நீர்க் குழாய். குறை சொல்வதற்கில்லை, ஆனால் வீடு என்பது வேறு. மண்ணை இடித்துக் கெட்டித்த தடித்த சுவர், காரை பூசாத கல்வேலி, நாட்டு ஓடு, அடுப்புக்கு மேலே பரண். பரணில் மக்காச்சோளம் புகை குடித்துக் காய்கிறது. அதைத் திருகையில் அரைத்து, முறத்தில் புடைத்து, இரண்டு முறை ஆவியில் வேகவைப்பதே மென் மென். நம் புட்டைப் போல உதிரும். தேங்காய் இல்லாத புட்டு. கீரைச் சாற்றை ஊற்றிக்கொள்ளாமல் தொண்டையில் இறங்காது.

ஹ்மோங் வீட்டு வாசலில் பச்சைக் கொப்பு தொங்கினால் உள்ளே போகக் கூடாது. குழந்தை பிறந்திருக்கலாம், பூசை நடந்திருக்கலாம். நடுத்தூணில் சாயக் கூடாது, சட்டையைத் தொங்கவிடக் கூடாது. ஒரே குலத்தைச் சேர்ந்து, ஒரே மூதாதை ஆவிகளை வணங்குகிறவர்கள் ஒருவர் வீட்டில் இன்னொருவர் சாகலாம். மற்றவருக்கு அங்கே சோறுண்டு, படுக்கையுண்டு, சாக இடமில்லை. விருந்தோம்பலின் எல்லையை இதைவிடத் தெளிவாக யாரும் வகுத்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸா ஃபின்னில் வுவோங் குடும்ப மாளிகை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹ்மோங் தலைவர் வுவோங் சின் டுக் கட்டியது. தூண்களின் அடிக்கல் அபின் எடுக்கும் கசகசாக் காய் வடிவம். பணம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் ஒளிக்கவில்லை.

டோங் வானுக்கும் மேவோ வாக்குக்கும் நடுவில் மா பீ லெங். இந்தக் கணவாயை வெட்ட இளைஞர்கள் செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கியபடி 11 மாதம் வேலை செய்தார்கள். வெகு கீழே ஞோ குவே ஆறு பச்சைக் கோடாகத் தெரியும். இந்த விளிம்பில் அனுமதியின்றி எழுந்த ஒரு பல மாடிக் கட்டடம் 2019-இல் நாடெங்கும் சர்ச்சையானது.

மேவோ வாக்கில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. மாடுகள் கொழுத்து நிற்கின்றன. மேய்ச்சல் நிலம் கிடையாது. எங்கோ பாறைச் சரிவில் அறுத்த புல்லைத் தினமும் முதுகில் கொண்டுவந்து கொட்டிலில் போட்டு வளர்த்த மாடுகள். விலை படிந்ததும் மாட்டை விற்ற பெரியவர் தாங் கோ அண்டாவின் பக்கம் போய்விடுவார். குதிரைக் கறியும் குடலும் ஒன்றாகக் கொதிக்கும் குழம்பு. முதல் கரண்டி வெளியூர்க்காரருக்கு இறங்காது. மக்காச்சோளச் சாராயம் இரண்டு கிண்ணம் உள்ளே போனால் இறங்கும்.