ஐம்பது மீட்டர்

எதையும் எட்ட நின்று பார்க்க எனக்குத் தெரியாது. கோயிலில்கூட இடித்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விடுவேன். இந்தக் குணத்தால் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை.

நியூசிலாந்தின் தென்தீவில், ஓமாருவிலிருந்து டனீடினுக்கு நானும் மனைவியும் காரில் போனோம். ஜனவரி மாதம், அங்கே கோடை. மொயராக்கி உருண்டைப் பாறைகள் வழியிலேயே இருக்கின்றன. கடல் உள்வாங்கியிருந்த நேரம். மணலில் சிதறிக் கிடந்த அந்த உருண்டைகளில் சில என் உயரத்துக்கும் மேல். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றுக்குள் கால்சைட் படிந்து படிந்து இறுகியவை. பெரிய உருண்டை ஒன்று முழுதாக வளர 40 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஒன்று வெடித்துத் திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் நரம்புகள் ஓடின. கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். கவிழ்ந்த படகிலிருந்து கரை ஒதுங்கிய விலாங்குக் கூடைகளும் சுரைக்குடுக்கைகளும்தான் இப்படிக் கல்லாயின என்பது மாவோரிகளின் கதை. சின்ன உருண்டைகள் அனேகமாக இல்லை. முன்பு வந்தவர்கள் தூக்கிப் போய்விட்டார்களாம். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. கார் ஓட்டிக்கொண்டே அவர்களைத் திட்டினேன்.

ஷாக் முனையில் கடல்நாய்கள் வெயில் காய்ந்தன. ஒன்று பல்லைக் காட்டி உறுமியது, விலகி வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஒரு குடாவுக்குப் போனோம். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்னும் நாலு பேர் அங்கே போக வேண்டாம். மஞ்சள்கண் பென்குயின் கரையேறும் இடம் அது. ஹோய்ஹோ என்பார்கள், அந்த நாட்டு 5 டாலர் நோட்டில் இருக்கும் பறவை. நியூசிலாந்தின் முக்கியத் தீவுகளில் 2008க்குப் பிறகு முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. பகலெல்லாம் கடலில் இரை தேடிவிட்டு, வயிற்றில் மீனோடு புதருக்குள் இருக்கும் குஞ்சுகளிடம் திரும்பும். வழியில் ஆள் தெரிந்தால் கரையேறாது. 50 மீட்டர் தள்ளி, மறைவாக நிற்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது. நின்று நிதானமாகப் படித்தேன். படித்துவிட்டுத்தான் மணலில் இறங்கினேன்.

அலையிலிருந்து ஒன்று எழுந்து வந்தது. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றது. கண்ணைச் சுற்றித் தலையின் பின்புறம்வரை போகும் மஞ்சள் பட்டை, ரோஜா நிறக் கால்கள், மார்பிலிருந்து சொட்டும் தண்ணீர், எல்லாம் தெரியும் தூரத்தில் நின்றேன். ஓரடி முன்னே வந்தது, மறுபடி தண்ணீருக்குப் போனது, திரும்பவும் வந்தது. நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"ஏங்க, மேல வாங்க. நீங்க நிக்கிறதாலதான் அது போகாம நிக்குது."

கேட்டது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நின்றேன். வெளிச்சம் குறைந்து கேமரா தடுமாறிய பிறகுதான் மேலே ஏறினேன். பறவைக்காக அல்ல.

அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. பார்த்தவர்கள், எவ்வளவு சிநேகமாகப் பார்க்கிறது என்றார்கள். என்ன லென்ஸ் என்று கேட்டவர்களிடம், தூரத்திலிருந்து ஜூம் செய்தது என்றேன். பொய். பதினைந்து அடிகூட இருக்காது. அது என்னைச் சிநேகமாகப் பார்க்கவும் இல்லை. அதன் குஞ்சுகளுக்கும் அதற்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.