விடுமுறைப் பயணமும் எங்கள் சின்ன மகனும்



விடுமுறைக்கு ஹங்வெல்லை லெஷர் வேர்ல்ட் போக வீட்டில் ஆயத்தம் நடக்கிறது. கண்டி, கேகாலை, அவிசாவளை தாண்டிய தூரம். விடியற்காலையே வேன் கிளம்ப வேண்டும்.

தரம் 4 படிக்கும் மகன் வயதுக்குக் கொஞ்சம் கட்டை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் அளந்தோம். அவன் 118 சென்ரிமீற்றர். இரண்டு வயது இளைய தங்கை 121. உலகில் பல பூங்காக்கள் பெரிய சவாரிகளுக்குக் கேட்பது 120.

"தங்கச்சி மட்டும் ஏறுவாவா வாப்பா?" என்றான். அப்படியும் இருக்கலாம் என்றேன். அழுதான். வாசலில் அத்தனை பேர் முன்னால் அழுவதைவிட வீட்டில் அழுதது நல்லது.

பெரும்பாலும் வயதைவிட உயரத்தையே பார்ப்பார்கள். மடிமேல் இறங்கும் கம்பி ஓர் உடலளவுக்குச் செய்தது. சிறிய உடம்பு அதிலிருந்து வழுகிவிடலாம். அதனால் சப்பாத்துக்குள் துணி வைக்காதீர்கள், அளப்பவரிடம் கெஞ்சாதீர்கள். போகமுன் போன் எடுத்து ஒவ்வொரு சவாரியின் அளவையும் கேளுங்கள்.

டிஸ்னி பூங்காக்களில் ஒரு பெற்றார் பெரிய பிள்ளையோடு ஏற, மற்றவர் சின்னப் பிள்ளையோடு நிற்பார். பிறகு மாறிக்கொள்வார்கள். நாங்களும் அப்படித்தான். நான் மகனோடு தண்ணீர்ப் பக்கம், உம்மா மகளோடு. பகல் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் ஏறக்கூடியவை மட்டும்.

வேனில் வரும் மாமாமார், சாச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள்: அங்கே வைத்து யாரும் அவனைக் "கட்டையன்" என்று பகிடி பண்ண வேண்டாம்.